எலக்ட்ரான் கற்றையால் தங்கத் துகளை நகர்த்துவது: திரவ செல்லில் முதல் முயற்சிக்கு ஒரு வழிகாட்டி

திரையில் ஒரு கறுப்புப் புள்ளி. பீமை, அதாவது எலக்ட்ரான் கற்றையை, இடப்பக்கமாக மெல்ல நகர்த்துகிறீர்கள். புள்ளி கொஞ்சம் தயங்குகிறது, துடிக்கிறது, அப்புறம் சட்டென்று பீமின் நடுப்பகுதிக்கு ஓடி வந்துவிடுகிறது. பத்து நானோமீட்டர் தங்கத் துணுக்கு ஒன்று தண்ணீருக்குள் உங்கள் விரலசைவுக்குப் பின்னாலேயே வருகிறது. முதன்முதலில் இதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியை (லேபில் எல்லோரும் டெம் என்பார்கள்) ஓரளவு இயக்கத் தெரிந்தவர், ஆனால் திரவ மாதிரியைத் தொட்டதே இல்லை. அப்படி ஒருவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள்

லேசர் ஒளியால் சிறு துகள்களைப் பிடிக்கும் ஒளி இடுக்கியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒற்றை லேசர் கற்றையால் துகளைப் பிடிக்கும் வழியை ஆர்தர் ஆஷ்கினும் கூட்டாளிகளும் 1986இல் காட்டினார்கள். 2018இல் ஆஷ்கினுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. ஒளியை அதன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே குவிக்க முடியாது. அதனால் மிகச் சிறிய துகள்களுக்கு எலக்ட்ரானை முயன்று பார்க்கலாமே என்ற யோசனை வந்தது. உருகிய அலுமினிய-சிலிக்கான் துளிகளுக்குள் 20 முதல் 300 நானோமீட்டர் வரையிலான திட அலுமினியத் துகள்களைக் கற்றையால் பிடித்து நகர்த்தியதாக ஓலெஷ்கோவும் ஹோவும் 2011இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு, திரவ செல்லில் (திரவத்தை இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே அடைக்கும் கூடு) இருந்த தங்க நானோதுகள்கள் கற்றையின் பின்னால் வருவதைக் காட்டி, பிடிக்கும் விசை பிகோநியூட்டன் (ஒரு நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவில் இருப்பதாக மதிப்பிட்டது.

இதையெல்லாம் படித்ததும் பலருக்கும் மனதில் வருவது தோட்டத்துக் குழாய்த் தண்ணீர் ஒரு பந்தை உருட்டும் காட்சிதான். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அந்தக் காட்சி கலைந்துவிடும். அரை நானோஆம்பியர் கற்றையை 200 நானோமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் குவித்தால், ஒரு சதுர நானோமீட்டரில் நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் எலக்ட்ரான்கள் விழும். பத்து நானோமீட்டர் தங்கத் துகளின் மேல் விழுவது நொடிக்கு எண்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அத்தனையும் தங்கள் உந்தம் முழுவதையும் துகளிடம் கொடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 300 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கற்றைக்குக்கூட அந்த விசை ஒரு பிகோநியூட்டனில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்குதான். அதுவும் மேலிருந்து கீழே, கற்றையின் திசையில். நமக்கு வேண்டியதோ பக்கவாட்டில்.

ஆக, கற்றை துகளை இடித்துத் தள்ளவில்லை. துகளைச் சுற்றியுள்ள தண்ணீரையும் சவ்வையும் அது மாற்றுகிறது. அந்த மாற்றத்துக்குள்தான் துகள் நகர்கிறது. எலக்ட்ரான்கள் அடர்ந்து விழும் இடத்துக்கும் குறைவாக விழும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு, சவ்வில் சேரும் மின்னூட்டம், தண்ணீர் உடைந்து உண்டாகும் அயனிகளின் செறிவு ஏற்ற இறக்கம் என்று விளக்கங்கள் பல உண்டு. எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். இதை மனதில் இருத்திக்கொண்டால் பின்வரும் ஒவ்வொரு படியும் ஏன் தேவை என்று தானாகவே புரியும்.

துகளும் திரவமும்

தொடக்கத்துக்குத் தங்கமே நல்லது. அணு எண் 79. தண்ணீருக்குப் பக்கத்தில் அது மையைப் போலக் கறுப்பாகத் தெரியும். வெள்ளி கற்றையின் கீழ் சுலபமாகக் கரையும், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அளவு 10 முதல் 30 நானோமீட்டருக்குள் இருக்கட்டும். அதைவிடச் சின்னது திரவத்தின் தடிமனில் மங்கிப்போகும்.

சிட்ரேட் பூசிய தங்கக் கரைசல் கடையில் கிடைக்கும், நீங்களே தயாரிக்கவும் செய்யலாம். எப்படியானாலும் ஒருமுறை சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேலே நிற்கும் திரவத்தை எடுத்துவிட்டுச் சுத்தமான நீரில் மறுபடி கலக்குங்கள். தயாரிப்பில் மிஞ்சிய குளோரைடு கற்றையின் கீழ் தங்கத்தை அரிக்கும். மிஞ்சிய தங்க அயனிகள் இருந்தால் எதிர்மாறாகத் துகள் கண்ணெதிரே வளரத் தொடங்கும். அதற்காக மூன்று நான்கு முறை கழுவினால் சிட்ரேட்டும் போய்விடும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கழுவிய பிறகு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒயின் சிவப்பாக இருந்தால் சரி. ஊதாவோ நீலமோ தட்டினால் துகள்கள் ஏற்கெனவே கட்டியாகிவிட்டன. அதைச் செல்லில் ஏற்றி அரை நாளை வீணாக்க வேண்டாம்.

தண்ணீரில் கொஞ்சம் கிளிசரால் கலப்பதும் நல்ல வழி. பாகுத்தன்மை கூடும், துகள் நிதானப்படும், கற்றுக்கொள்ளும் கைக்கு நேரம் கிடைக்கும். ஆனால் எந்த விகிதத்தில் கலந்தீர்கள் என்பதை நோட்டில் எழுதாமல் விடாதீர்கள். பிறகு விசை கணக்கிடும்போது அது இல்லாமல் ஒன்றும் ஓடாது.

சிப்பும் செல்லும்

திரவ செல் என்பது இரண்டு சிலிக்கான் சிப்புகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சிலிக்கான் நைட்ரைடு சவ்வாலான ஒரு சின்ன ஜன்னல், பெரும்பாலும் 50 நானோமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமன். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளித் தாங்கி. அதற்குள் நம் தண்ணீர். வெளியே வெற்றிடம். திரவத்துக்கும் வெற்றிடத்துக்கும் நடுவில் நிற்பது அந்தச் சவ்வு மட்டுமே என்பதைச் சிப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிப்புகள் பாதுகாப்புப் பூச்சோடு வந்தால் முதலில் அசிட்டோனிலும் பிறகு ஐசோபுரோபனாலிலும் கழுவ வேண்டும். ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடியுங்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஜன்னலைப் பாருங்கள்: சவ்வு முழுதாக இருந்தால் ஒரே சீரான நிறம் தெரியும், கிழிந்திருந்தால் அந்த நிறம் போய் ஓட்டை தெரியும். பிறகு சிறிது நேரம் பிளாஸ்மா (மின்னூட்டமடைந்த வாயு) காட்டுங்கள். பிளாஸ்மா பட்ட சவ்வில் தண்ணீர் படர்ந்து உட்காரும். படாத சவ்வில் முத்தாக உருண்டு ஓடும். நேரம் ஆக ஆக இந்தக் குணம் மங்கும், அதனால் பிளாஸ்மா முடிந்ததும் தாமதிக்காமல் ஏற்றுங்கள்.

கீழ்ச் சிப்பின் மேல் ஒரு மைக்ரோலிட்டருக்குள் ஒரு துளி வையுங்கள். துளி பெரிதானால் செல்லை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தாண்டி வழியும், இறுக்கம் போய்விடும். மேல் சிப்பை ஒரு பக்கம் தொட்டு மெல்லச் சாய்த்து இறக்குங்கள், காற்று சிக்காது. ஓரத்தில் கசியும் ஈரத்தை வடிதாளின் நுனியால் ஒற்றி எடுங்கள். திருகுகளை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

அப்புறம் கசிவுச் சோதனை. இதைத் தவிர்க்க எந்த அவசரமும் காரணமாகாது. செல்லைத் தாங்கும் ஹோல்டரை, நுண்ணோக்கிக்கு வெளியே உள்ள பம்ப் நிலையத்தில் பொருத்தி வெற்றிடம் நிலையாக இறங்கி நிற்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை மணி ஏழாகிவிட்டதே என்று இந்தப் படியை அரைகுறையாக முடித்துவிட்டு ஹோல்டரைக் கருவிக்குள் செலுத்தினேன். வெற்றிட அளவி ஏறத் தொடங்கிய அந்த நொடியில் என் கை நடுங்கியது. வால்வு தானாக மூடிக்கொண்டதால் எலக்ட்ரான்களை உமிழும் துப்பாக்கிப் பகுதி தப்பியது. கருவி மறுநாள் மாலை வரை மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு நாளுக்காக இன்னும் வருத்தப்படுகிறேன்.

துகளைத் தேடுவது

குறைந்த உருப்பெருக்கத்தில், கற்றையை நன்றாக விரித்து வைத்துத் தொடங்குங்கள். ஜன்னலின் நடுப்பகுதி வெற்றிடத்தை நோக்கி வெளியே புடைத்திருக்கும். அங்கே திரவத்தின் தடிமன் தாங்கியின் உயரத்தைவிடப் பல நூறு நானோமீட்டர் கூடிவிடலாம். மூலைகளில்தான் திரவம் மெல்லியது, படமும் தெளிவு. ஆகவே மூலைக்குப் போங்கள்.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். பத்து நானோமீட்டர் துகள் சாதாரண நீரில் தன்னிச்சையாக அலைந்தால் நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் சுமார் இரண்டரை மைக்ரோமீட்டர் தூரம் போய்விடும். கேமராவின் ஒரு ஃபிரேமுக்குள் படத்தை விட்டே வெளியேறியிருக்கும். அப்படியிருக்க, திரையில் துகள்கள் நிதானமாக ஆடிக்கொண்டிருப்பது எப்படி? நாம் பார்ப்பவை சவ்வின் அருகே, அதோடு பாதி ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பவை. அவற்றின் அசைவு திறந்த நீரில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மந்தமாக இருக்கும். நாம் நகர்த்தப்போவதும் இவற்றைத்தான்.

ஒரே இடத்தில் மூன்று வகைத் துகள்களைப் பார்ப்பீர்கள். அசையவே அசையாதவை, நின்ற இடத்திலேயே நடுங்குபவை, அவ்வப்போது குதித்து இடம் மாறுபவை. நடுங்குபவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அசையாத ஒன்றும் அதே படத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரியைத் தாங்கும் மேடை தானாக நகர்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி.

ஃபோகஸையும் இதர சரிசெய்தல்களையும் பக்கத்து இடத்தில் முடித்துவிட்டு வாருங்கள். தேர்ந்தெடுத்த இடத்தின் மேல் வீணாக விழும் ஒவ்வொரு எலக்ட்ரானும் அங்குள்ள தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு கற்றை?

இந்த வேலையின் உயிர்நாடி இந்தக் கேள்விதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலக்ட்ரான் பட்ட தண்ணீர் உடைகிறது. நீரேறிய எலக்ட்ரான், ஹைட்ரஜன் அணு, ஹைட்ராக்சில், ஹைட்ரஜன் வாயு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ரோனியம் எல்லாம் உண்டாகின்றன. 300 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கற்றையில் ஒரு சதுர நானோமீட்டருக்கு ஒரு எலக்ட்ரான் விழுந்தாலே தண்ணீர் ஏற்கும் கதிர் அளவு சுமார் 40,000 கிரே. முன்னே சொன்ன 200 நானோமீட்டர் குவிப்பில் இதை ஒரு லட்சத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், அதுவும் ஒவ்வொரு நொடிக்கும். அதே அரை நானோஆம்பியரை 5 மைக்ரோமீட்டர் அகலத்துக்கு விரித்தால் சதுர நானோமீட்டருக்கு நொடிக்கு வெறும் 160 எலக்ட்ரான்கள். கற்றையின் அகலத்தை மாற்றும் திருகுகுமிழை ஒரு திருப்புத் திருப்புவதில் அறுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது.

தண்ணீர் சூடாகிக் கொதிப்பதால்தான் குமிழி வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட சிறிய மின்னோட்டங்களில் வெப்பநிலை உயர்வு சில டிகிரிகளைத் தாண்டுவதில்லை. குமிழி பெரும்பாலும் ஹைட்ரஜன்: கரையும் அளவைத் தாண்டியதும் வெளியே வருகிறது. கூடவே கற்றையின் கீழ் நீர் அமிலமாகிறது, துகளின் மேலுள்ள சிட்ரேட் சிதைகிறது. சவ்விலிருந்து இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள் வெளியேறுவதால் சவ்வு நேர் மின்னூட்டம் பெறுகிறது. சிட்ரேட் பூசிய துகள் எதிர் மின்னூட்டம் உடையது. அதிகம் குவித்தால் துகள் பீமின் நடுவில் வந்து சவ்வோடு ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே கீழிருந்து மேலே போங்கள். தொடங்குமுன் கற்றையின் மின்னோட்டத்தைத் திரவம் இல்லாத இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அகலமும் மின்னோட்டமும் தெரிந்தால் மற்றதெல்லாம் வகுத்தல்தான். திரையில் "கொஞ்சம் பிரகாசமாக இருந்தது" என்று எழுதிவைத்த குறிப்பு ஆறு மாதம் கழித்து ஒன்றுக்கும் உதவாது.

பிடிப்பதும் இழுப்பதும்

கற்றையை விரித்த நிலையில் வைத்துத் துகளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பதிவை ஓடவிடுங்கள். இப்போது மெல்லக் குவியுங்கள். வட்டம் சுருங்கச் சுருங்கத் துகளின் நடுக்கத்தைக் கவனியுங்கள். ஒரு கட்டத்தில் அது வட்டத்தின் விளிம்பை நோக்கிப் போவதை விட்டு, திரும்பத் திரும்ப நடுவுக்கே வரத் தொடங்கும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் குவிக்கக் கை பரபரக்கும், வேண்டாம்.

பத்து இருபது நொடி அப்படியே விடுங்கள். இந்த அமைதியான பதிவு பிறகு கணக்குக்கு வேண்டும்.

அடுத்து பீம் ஷிஃப்ட். மேடையை நகர்த்தாதீர்கள், கற்றையை மட்டும். ஒவ்வொரு எட்டும் வட்டத்தின் ஆரத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல் இருப்பது என் வழக்கம். எட்டு வைத்ததும் காத்திருங்கள். துகள் உடனே வராது. சவ்வில் எங்கோ ஒரு புள்ளியில் கால் மாட்டியதுபோல நின்று நடுங்கும், அப்புறம் விடுபட்டு ஒரே தாவலில் வரும். அது நடுவுக்கு வந்த பிறகே அடுத்த எட்டு. இரண்டு எட்டு சேர்த்து வைத்தால் துகள் வட்டத்துக்கு வெளியே தங்கிவிடும். அப்படித் தங்கினால் பதற்றப்படாமல் கற்றையை விரித்து, மறுபடி துகளை நடுவாக்கி, முதலிலிருந்து தொடங்குங்கள்.

துகள் ஒட்டிக்கொண்டு வரவே மறுத்தால் கற்றையை முழுதாக மறைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள். சில சமயம் விடுபடும். வராவிட்டால் வேறு துகள், முடிந்தால் கற்றை படாத வேறு மூலை. ஒரே துகளோடு மல்லுக்கட்டி மொத்த ஜன்னலையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். குமிழி வந்தாலும் இதேதான்: மறை, காத்திரு, இடம் மாறு.

நகர்த்தியது நீங்கள்தானா?

துகள் இடப்பக்கம் போனது, பீமும் இடப்பக்கம் போனது. இது போதாது. திரவம் அதே பக்கம் ஓடியிருக்கலாம், மேடை நகர்ந்திருக்கலாம், வெளிச்சம் விழுந்த இடம் மட்டுமே தெரிவதால் நம் கண்ணும் ஏமாந்திருக்கலாம்.

நான் கேட்கும் சோதனைகள் இவை. திசையைத் திருப்புங்கள்: இடம், வலம், மேல், கீழ், வரிசை மாற்றி. ஒவ்வொரு திருப்பத்திலும் துகள் தொடர வேண்டும், அசையாத துகள் அசையாமலே இருக்க வேண்டும். மின்னோட்டத்தை அப்படியே வைத்து வட்டத்தை மட்டும் அகலமாக்குங்கள். பிடி தளர வேண்டும். கற்றையை மறைத்து, பிறகு மங்கலான விரிந்த கற்றையில் எட்டிப் பாருங்கள். துகள் இடம் பெயர்ந்திருந்தால் அதைப் பிடித்து வைத்திருந்தது கற்றைதான். அதே இடத்தில் நின்றால் அது ஒட்டிப்போன துகளாக இருக்கலாம், "பிடித்து வைத்திருந்தேன்" என்று எழுத முடியாது. மூன்றும் ஒத்துவராத பதிவைப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் யாருக்கும் காட்டுவதில்லை.

விசையை மதிப்பிட

அமைதியாக விட்ட அந்தப் பதிவை எடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் துகளின் மையத்தைக் குறித்து, அசையாத துகளின் நகர்வைக் கழியுங்கள். மிஞ்சும் அலைச்சலின் பரவலைக் கணக்கிடுங்கள். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலின் அளவு சுமார் 4.1 பிகோநியூட்டன்-நானோமீட்டர். அதை ஒரு திசையிலான அலைச்சலின் இருமடிச் சராசரியால் வகுத்தால் பிடியின் விறைப்பு கிடைக்கும். அலைச்சல் 10 நானோமீட்டர் என்றால் விறைப்பு நானோமீட்டருக்கு 0.04 பிகோநியூட்டன். மையத்திலிருந்து பத்து நானோமீட்டர் விலகிய துகளைத் திரும்ப இழுக்கும் விசை 0.4 பிகோநியூட்டன்.

கேட்க அற்பமாக இருக்கும். அந்தத் துகளின் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பத்து நானோமீட்டர் தங்கத்தின் எடை ஒரு பிகோநியூட்டனில் கோடியில் ஒரு பங்கு. தன் எடையைப் போல நாற்பது லட்சம் மடங்கு விசைக்கு அந்தத் துணுக்கு கட்டுப்பட்டு நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு துகளின் அலைச்சல் முழுவதும் வெப்பத்தால் வந்தது என்று எடுத்துக்கொள்கிறது. சவ்வில் மாட்டி மாட்டி விடுபடும் துகளுக்கும் கற்றையே உதைத்து ஆட்டும் துகளுக்கும் அது பொருந்தாது. அலைச்சலின் வரைபடம் மணி வடிவில் வராமல் இரண்டு மூன்று திமில்களோடு வந்தால் அந்தத் துகள் சவ்வின் மேடுபள்ளங்களில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது, எண்ணைப் போடாதீர்கள்.

பல துகள்களை ஒன்றாகச் சேர்ப்பது இதற்கு அடுத்த பாடம். அகன்ற கற்றைக்குள் பல துகள்களை வைத்து வேகமாகக் குவித்தால் அவை நடுவில் கூடிச் சவ்வின் மேல் கொத்தாக நிற்கும். பார்க்க எளிது போலத் தோன்றும், ஆனால் கொத்தான பிறகு பிரிக்க வழி கிடையாது. ஒற்றைத் துகளில் கை பழகிய பிறகு முயலுங்கள்.

முடிக்கும்போது

கற்றையை மறைத்து, ஹோல்டரை வெளியே எடுத்ததும் சிப்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரித்து, சுத்த நீரில் மெதுவாக அலசி, உலர்த்தி, எந்த மூலையில் வேலை செய்தீர்கள் என்று பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். மறுநாள் அதே இடத்தை உலர்ந்த நிலையில் பாருங்கள். நீங்கள் இழுத்துப் போன வழி நெடுகப் பொடித் தங்கம் படிந்திருந்தால் கரைசலில் தங்க அயனி மிஞ்சியிருக்கிறது, அடுத்த முறை கழுவுவதைச் சரிசெய்ய வேண்டும். கற்றை நின்ற இடங்களில் மட்டும் மங்கலான வட்டங்கள் தெரிந்தால் அது கரிமப் படிவு. சிப்பைக் கழுவியது போதவில்லை, பிளாஸ்மா காட்டியதும் போதவில்லை. வழி சுத்தமாக இருந்து, அதன் முடிவில் ஒரே ஒரு துகள் உட்கார்ந்திருந்தால், அந்தப் படத்தை முதல் நாள் பதிவோடு சேர்த்து வையுங்கள்.